ஒமாஹா தபாலும் டோரன்ஸ் காணொளியும்

1914-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரிலிருந்து பன்னிரண்டு பாடங்கள் கொண்ட மல்யுத்தப் படிப்பு ஒன்று தபாலில் போய்க்கொண்டிருந்தது. அதை நடத்தியவர் மார்ட்டின் பர்ன்ஸ். ஊரெல்லாம் அவரை ‘ஃபார்மர்’ பர்ன்ஸ் என்றே அழைத்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 2000-களின் இறுதியில், கலிஃபோர்னியாவின் டோரன்ஸ் நகரிலிருந்து இன்னொரு படிப்பு இணையத்தில் புறப்பட்டது. அது பிரேசிலிய ஜியு-ஜிட்சு. நடத்தியவர்கள் ரோரியன் கிரேஸியின் மகன்களான ரைரனும் ரெனரும். தங்கள் தளத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கிரேஸி பல்கலைக்கழகம்’. வீட்டிலிருந்தே படித்து, தேர்வைக் காணொளியாக எடுத்து அனுப்பி, தேறினால் புளூ பெல்ட் வாங்கலாம் என்றார்கள்.

இரண்டும் ஒரே குடும்பத்துக் கலைகள். எதிராளியைப் பிடித்து, தரையில் கிடத்தி, அசைய விடாமல் அடக்குவதுதான் இரண்டிலும் வேலை. கற்பவர் வாத்தியாரைத் தொடாமலே கற்க வேண்டிய நிலையும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு சான்றிதழில் இருக்கிறது. பர்ன்ஸ் கற்பித்ததோடு நின்றார். கிரேஸி சகோதரர்கள் கற்பித்ததற்குச் சான்றும் கொடுக்க முன்வந்தார்கள். அந்த ஒரு அடி எவ்வளவு பெரிய அடி என்பது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

முதலில் ஒமாஹா. பர்ன்ஸ் 1861-ல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். பெரிய உருவம் இல்லை. இன்றைய கணக்கில் நடுத்தர எடைக்காரர்தான். ஆனால் கழுத்து மட்டும் இருபது அங்குலம். தூக்குக் கயிற்றில் தொங்கிக்கொண்டே சீழ்க்கை அடித்துக் காட்டுவது அவர் செய்த வித்தைகளில் ஒன்று. 1895-ல் ‘ஸ்ட்ராங்லர்’ லூயிஸ் என்ற எவன் லூயிஸை வென்று அமெரிக்க வாகையரானார். அவர் ஆடியது ‘கேட்ச்-அஸ்-கேட்ச்-கேன்’ என்ற பாணி. எங்கே பிடி கிடைக்கிறதோ அங்கே பிடித்துக்கொள்ளலாம். காலைப் பிடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே போகக் கூடாது என்ற தடைகள் எல்லாம் அதில் இல்லை.

அவர் படிப்பு தபாலேறிய காலம் அதற்கு ஏற்ற காலம். பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரில் 1891-லேயே சுரங்கத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய அஞ்சல்வழிப் பள்ளி நாடெங்கும் பரவியிருந்தது. கிராமத்து வீட்டு வாசலுக்கே கடிதம் கொண்டுவந்து தரும் ஊரக அஞ்சல் சேவை 1902-ல் நிரந்தரமானது. 1913-ன் முதல் நாளில் பார்சல் சேவையும் வந்தது. அயோவாவிலும் நெப்ராஸ்காவிலும் பண்ணைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம். மல்யுத்தம் கற்க ஆசைப்பட்ட பையனுக்குப் பக்கத்தில் பயிற்சிக்கூடம் இருக்காது. ஆனால் தபால்காரர் வருவார்.

பாடங்களில் இருந்தது என்ன? மூச்சுப் பயிற்சி, கழுத்தைப் பலப்படுத்தும் பயிற்சி, உடலை வளைத்துப் பாலம்போல் நிற்பது, அதன் பிறகு ஒவ்வொரு பிடியாகப் படமும் விளக்கமும். இந்த அடுக்குமுறையை நான் மிகவும் மதிக்கிறேன். தனியாகச் செய்யக்கூடியது முதலில், துணை வேண்டியது பிறகு. தனியாகச் செய்யும் பகுதி தபாலில் குறைவின்றிப் போய்ச் சேர்ந்தது. தலையையும் பாதத்தையும் ஊன்றி வயிற்றை மேலே தூக்கும் பயிற்சியை ஒரு படமும் நாலு வரியும் கொண்டு கற்பிக்க முடியும். சரியாகச் செய்கிறோமா என்பதைக் கற்பவரின் கழுத்தே சொல்லிவிடும். பிற்காலத்தில் சார்லஸ் அட்லஸின் உடற்பயிற்சிப் பாடங்கள் தபாலில் அப்படி ஓங்கியதற்கும் இதுவே காரணம். தசைக்கு எதிராளி தேவையில்லை.

பிடிகள் வந்ததும் நிலைமை மாறுகிறது. படத்தில் இரண்டு ஆட்கள் நிற்கிறார்கள். ஒருவர் பிடிக்கிறார், மற்றவர் பிடிபடுகிறார். பிடிபடுபவர் திமிறும் நேரத்தில் பிடித்தவரின் எடை எந்தத் தோளுக்கு மாற வேண்டும் என்பது படத்தில் இல்லை. அது அடுத்த படத்திலும் வராது, ஏனென்றால் திமிறல் ஒவ்வொரு ஆளிடமும் ஒவ்வொரு விதம். தம்பியையோ பக்கத்துப் பண்ணைப் பையனையோ அழைத்துக் கற்பவரே கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

பர்ன்ஸ் இதை நன்றாக அறிந்தவர். அவருடைய மிகப் புகழ்பெற்ற சீடர் ஃப்ராங்க் காட்ச் எப்படிக் கிடைத்தார் என்பதே சான்று. 1899-ல் அயோவாவின் ஃபோர்ட் டாட்ஜ் ஊரில் அந்தப் பகுதி இளைஞரான காட்ச் பர்ன்ஸோடு மோதினார். பதினோரு நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டுத் தோற்றார். அந்தப் பதினோரு நிமிடத்தில் பர்ன்ஸின் கைகளும் மார்பும் அந்தப் பையனைப் பற்றி எதை உணர்ந்தனவோ, அதை நம்பித்தான் அவரைச் சீடராக ஏற்றார். 1908-ல் சிகாகோவில் ஜார்ஜ் ஹாக்கென்ஷ்மிட்டை இரண்டு மணி நேரப் போராட்டத்தில் ஓய வைத்து உலக வாகையரானார் காட்ச். தபாலில் படித்த எத்தனையோ பேரில் இன்னொரு காட்ச் இருந்திருக்கலாம். ஆனால் ஒமாஹாவில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரிய வழியே இல்லை. பாடம் போனது; உடல் திரும்பி வரவில்லை.

அஞ்சல்வழிக் கல்வியின் உயிர் இந்தத் திரும்பி வருவதில்தான் இருக்கிறது. 1840-களில் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபாலில் கற்பித்தபோது மாணவர்கள் எழுதி அனுப்பியதைத் திருத்தி மறுதபாலில் அனுப்பினார். சுருக்கெழுத்தின் விளைவு காகிதத்திலேயே இருக்கிறது, அதனால் காகிதமே தேர்வாளரின் கையை அடைந்துவிடுகிறது. டில்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியதிலிருந்து 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது வரை நம்மிடம் வளர்ந்த படிப்புகள் பலவும் இதே அடிப்படையில் நிற்கின்றன. வரலாறு படித்தவர் வரலாற்றைத் தாளில் எழுதிக் காட்டலாம். மல்யுத்தம் படித்தவர் எதை உறையிலிட்டு அனுப்புவார்?

ஆக, ஒமாஹா படிப்பு ஒருவழிப் பாதை. அதன் நேர்மையும் அந்த ஒருவழித்தன்மையில்தான் இருந்தது. மேற்கத்திய மல்யுத்தத்தில் பெல்ட் வரிசை கிடையாது, படிநிலைத் தேர்வு கிடையாது. பன்னிரண்டு பாடங்களையும் முடித்தவர் வெளியே போய்ச் சொல்லிக்கொள்ள அந்த ஆட்டத்தில் பதவிப் பெயர் எதுவும் இல்லை. ஊர்த் திருவிழாவில் யாரையாவது சாய்த்தால் மல்லர். சாய்க்காவிட்டால் நல்ல கழுத்துள்ள பண்ணைக்காரர். இரண்டில் எதுவானாலும் செலவழித்த பணத்துக்கு நட்டமில்லை.

டோரன்ஸுக்குப் போகுமுன் டோக்கியோ வழியாகப் போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெல்ட் என்ற ஏற்பாடு அங்கிருந்துதான் வந்தது. 1882-ல் கொடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ தொழிலால் கல்வியாளர். டோக்கியோ உயர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் முதல்வராகப் பல ஆண்டுகள் இருந்தவர். பழைய ஜுஜுட்சு மரபுகளில் குரு தன் சீடருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கொடுக்கும் ஏடுகளும் அனுமதிச் சுருள்களும் இருந்தன. கானோ அதன் இடத்தில் பள்ளிக்கூட வகுப்புகளைப் போல எண் வைத்த படிகளை வைத்தார். 1883-ல் தொமிதா சுனேஜிரோவுக்கும் சைகோ ஷிரோவுக்கும் முதல் ‘டான்’ கிடைத்தது. இன்று உலகெங்கும், நம் ஊர்க் கராத்தே வகுப்புகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கிரேடிங் உட்பட, பெல்ட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கல்வியாளரின் கை இருக்கிறது. கலைக்குப் பட்டம்போன்ற படிநிலை வந்தது அங்கேதான்.

ஆனால் கானோ அந்தப் படிகளுக்கு அடியில் ஒரு தளத்தைப் போட்டிருந்தார். அது ‘ரந்தோரி’. இருவரும் ஒத்துப்போகாமல், ஒருவரை ஒருவர் உண்மையாகவே எறிய முயலும் பயிற்சி. கொடோகானின் சிவப்பு-வெள்ளை அணிப் போட்டியில் அடுத்தடுத்து ஆறு பேரை முழுப்புள்ளியில் வீழ்த்துபவருக்கு அந்த இடத்திலேயே அடுத்த டான் கிடைக்கும் வழக்கம் உண்டு. படிநிலை என்பது உடல் பட்ட பாட்டின் பதிவு. அப்போதும் அது முழுக் காப்பு அல்ல. முதல் டான் பெற்றவர்களில் ஒருவரான அதே தொமிதா, 1905-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஜூடோவைச் செய்து காட்டியபோது, கட்டுமஸ்தான மாணவர் ஒருவரை எறிய முடியாமல் அடியில் சிக்கிக்கொண்டார். உண்மையான தளத்தில் வாங்கிய படிக்கே இந்த நிலை என்றால், தளமே இல்லாத படியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பயணத்தில் தொமிதாவோடு போன இளைஞர்தான் மிட்சுயோ மயேதா. ஊர் ஊராகச் சுற்றி, ‘கேட்ச்’ மல்லர்களோடும் மோதி, 1914-ல் பிரேசிலில் இறங்கினார். ஒமாஹாவில் பன்னிரண்டு பாடங்கள் அச்சேறிய அதே ஆண்டு. பெலெம் நகரில் அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேஸி. கார்லோஸின் தம்பி ஹெலியோ. ஹெலியோவின் மகன் ரோரியன் கலிஃபோர்னியாவுக்கு வந்தார். 1993 நவம்பரில் டென்வரில் பல சண்டைக் கலைக்காரர்கள் மோதிய முதல் யு.எஃப்.சி. போட்டியில் ரோரியனின் தம்பி ராய்ஸ் தன்னைவிடப் பெரிய ஆட்களை ஒரே இரவில் வரிசையாகத் தோற்கடித்தார். மறுநாளே அந்தக் கலை எல்லோருக்கும் வேண்டும் என்றானது. சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பிரேசிலுக்கு வெளியே பிளாக் பெல்ட்காரர்கள் கைவிட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். ஒமாஹாவில் தூரம் தபால் படிப்பை உண்டாக்கியது போலவே இங்கே ஆசிரியர் பஞ்சம் காணொளிப் படிப்பை உண்டாக்கியது. முதலில் வி.எச்.எஸ். கேசட்டுகள், பிறகு இணையம்.

கற்பித்தல் என்ற அளவில் டோரன்ஸ் படிப்பு ஒமாஹாவை எங்கோ பின்தள்ளிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொடக்கநிலைப் பாடத்தில் 36 நுட்பங்கள். 1990-களில் அமெரிக்க ராணுவ வீரர்களுக்காக ரோரியன் தொகுத்த பாடத்தின் வழியில் வந்த தேர்வு அது. ஒவ்வொரு நுட்பத்தையும் இருவர் செய்து காட்டுகிறார்கள். எதிராளி எப்படி எழ முயல்வார், எங்கே கை வைப்பார், அதற்கு என்ன பதில் என்பதெல்லாம் தனித்தனியாக வருகின்றன. பர்ன்ஸின் படங்களில் விடுபட்டுப்போன திமிறலின் ஒரு பகுதி இங்கே திரும்பக் கிடைக்கிறது. அதோடு, பயிற்சித் துணையாக வருபவர் எப்படிப் படிப்படியாக எதிர்ப்பைக் கூட்ட வேண்டும் என்பதையும் சொல்லித் தருகிறார்கள். துணைக்கு வருபவருக்கும் ஒரு கலை தேவை என்று உணர்ந்து அதைப் பாடமாக்கியது பெரிய காரியம். நேர் வகுப்புகளிலேயே பல மாஸ்டர்கள் அதைச் சொல்லித் தருவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, உடல் திரும்பி வந்தது. மாணவரும் துணையும் தேர்வைப் படம் பிடித்து அனுப்பினால், அங்கிருப்பவர்கள் பார்த்து மதிப்பெண் போட்டுக் குறைகளைச் சுட்டுவார்கள். பிட்மனின் திருத்திய தாள் ஒருவழியாகத் தரைப்போர்க் கலைக்கும் வந்து சேர்ந்தது.

தேறியவருக்குக் கொடுத்தது புளூ பெல்ட். புயல் கிளம்பியது அங்கேதான்.

பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் பெரியவர்களுக்குப் பெல்ட் நிறங்கள் குறைவு: வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்கு. கறுப்புக்குப் போகப் பத்து ஆண்டு என்பது சாதாரணம். அதனால் முதல் மாற்றமான நீலத்துக்கே பெரிய மதிப்பு. புளூ பெல்ட் கட்டிய ஒருவர் புதிதாக வரும் பலசாலியோடு முழு வேகத்தில் உருண்டு, அவரைச் சமாளித்துவிடுவார் என்பது எந்தக் கூடத்திலும் எழுதாத ஒப்பந்தம். ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மூக்கு நசுங்கி, காது வீங்கி, நூறு முறை தோற்று வாங்கும் பெல்ட் அது. காணொளியில் வந்தது வேறு பொருள். ஒத்துழைக்கும் துணையோடு 36 நுட்பங்களையும் வரிசை பிசகாமல், தடுமாறாமல் செய்தார் என்பதற்கான சான்று. இரண்டு வெவ்வேறு செய்திகளுக்கு ஒரே துணியைக் கட்டிவிட்டார்கள்.

சகோதரர்கள் பக்க நியாயத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய நேர் வகுப்பிலேயே தொடக்கநிலை மாணவர்களுக்கு முழு ஸ்பாரிங் கிடையாது. முதல் வாரத்திலேயே இளைஞர்களோடு முட்டி மோதிக் காயம்பட்டு ஓடிவிடும் நடுவயதுக்காரர், பெண்கள், அலுவலகம் போகிறவர்கள் நிலைத்து நிற்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். தெருவில் வம்புக்கு வருபவர் ஜியு-ஜிட்சு படித்தவர் அல்லர், அவரைச் சமாளிக்க இந்த 36 போதும் என்பது அவர்கள் வாதம். முதல் பாதி எனக்கு முழுச் சம்மதம். தற்காப்பு அதிகம் தேவைப்படுகிறவர்களே பயிற்சிக்கூடத்தின் வாசலைத் தாண்டத் தயங்குகிறவர்கள். அவர்களுக்காக ஒரு வழி திறப்பது கலைக்குச் செய்யும் தொண்டு. இரண்டாம் பாதி சறுக்குகிறது. தெருவில் வருபவர் ஜியு-ஜிட்சு படித்திருக்கமாட்டார்தான். ஆனால் ஒத்துழைக்கவும் மாட்டார். காணொளியில் துணையாக நின்றவர் தம்பியாகவோ நண்பராகவோ இருந்து, அடுத்து எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று தெரிந்து விழுந்தவர்.

இங்கே குற்றம் கேமராவுடையது அன்று. கேமரா எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று பிரித்தறிய வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020-ல், உலக டேக்வாண்டோ அமைப்பு பூம்சே போட்டிகளை இணையத்தில் நடத்தியது. வீரர்கள் அவரவர் ஊரிலிருந்து படம் பிடித்து அனுப்ப, நடுவர்கள் பார்த்துப் புள்ளி போட்டார்கள். பூம்சே தனியாள் செய்யும் வடிவம் என்பதால் அது நியாயமாக நடந்தது. அதே அமைப்பு சண்டைப் போட்டியை அப்படி நடத்தவில்லை; நடத்தவும் முடியாது. நம் சிலம்பத்திலும் இந்தக் கோடு தெளிவாகவே இருக்கிறது. ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு வீச்சை ஊர்விட்டு ஊர் படம் அனுப்பி மதிப்பிடலாம். கால்மாற்றமும் கம்பின் சுழற்சியும் படத்தில் விழும். எதிராளியைக் கம்பால் தொடும் தொடுமுறைக்கு எதிரே ஒரு கம்பு வேண்டும். அந்தக் கம்பு எப்போது வரும் என்று தெரியாமலிருக்க வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால் டோரன்ஸ் தேர்வு பார்த்தது உண்மையான ஒன்றைத்தான். நுட்ப அறிவு என்பது பொய்யில்லை. ஒத்துழைக்கும் துணையோடுகூடச் சரியாகச் செய்யத் தெரியாதவர் எதிர்ப்பவரிடம் நிச்சயமாகச் செய்யப்போவதில்லை. நுட்பம் என்ற ஒரு பாதியை மட்டும் சோதித்துவிட்டு இரண்டு பாதிக்கும் சேர்த்துப் பெயர் வைத்ததுதான் தவறு.

ஜியு-ஜிட்சு உலகம் கொதித்தது. கடுமையான வார்த்தைகள் பறந்தன. கிரேஸி குடும்பத்து வட்டத்துக்குள்ளேயே மூத்தவர்கள் சிலர் விலகினார்கள். அதன் பிறகு நடந்ததுதான் இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் கவர்கிற பகுதி. சகோதரர்கள் படிப்பை மூடவில்லை, பிடிவாதமாகவும் நிற்கவில்லை. சான்றைப் பிரித்தார்கள். முதலில், இணையத்தில் தேறியவருக்கு ‘நுட்ப அளவிலான’ புளூ பெல்ட் என்று அடைமொழி சேர்த்தார்கள். அந்த அடைமொழி நீங்க வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் ஒன்றுக்கு நேரில் போக வேண்டும். பின்னர் தொடக்கநிலைப் படிப்புக்கென்றே வேறு பெல்ட் ஒன்றை உருவாக்கினார்கள். வெள்ளைத் துணியின் நடுவே நீளவாக்கில் நீலக்கோடு. பார்க்கும் எவருக்கும் அது புளூ பெல்ட் இல்லை என்று தெரியும். ஒன்றுமில்லாத வெள்ளையும் இல்லை என்றும் தெரியும்.

சாலைப் போக்குவரத்தில் நாம் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். எல்.எல்.ஆர். வாங்கக் கணினியில் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். லைசென்ஸ் வாங்க ஆய்வாளர் முன்னால் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். எல்.எல்.ஆரைப் போலி என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அது தன்னை லைசென்ஸ் என்று சொல்லிக்கொள்வதில்லை.

ஒமாஹாவையும் டோரன்ஸையும் எடை போடச் சொன்னால், சொல்லித் தந்த விதத்தில் டோரன்ஸ் உயர்வு. காகிதத்தின் நேர்மையில், தொடக்கத்தில், ஒமாஹா உயர்வு. ஆனால் ஒமாஹாவின் நேர்மைக்கு விலை கொடுத்தவர் மாணவர். பன்னிரண்டு பாடங்களை உண்மையாக உழைத்து முடித்த பண்ணைப் பையனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவர் தவறாகப் பிடித்துப் பழகியிருந்தால் ஆயுளுக்கும் அதுதான். டோரன்ஸ் மாணவருக்குக் குறைந்தபட்சம் தவறு எங்கே என்று தெரிந்தது. பெயரையும் சரிசெய்த பிறகு, டோரன்ஸ் படிப்பே முழுமையான ஏற்பாடு என்று நினைக்கிறேன். அதற்காகக் கிடைத்த வசவுகளில் பாதி நியாயமானவை. மீதிப் பாதி, கூடத்துக்கு வர முடியாதவர்கள் கலையைத் தொடவே கூடாது என்ற மனநிலையிலிருந்து வந்தவை. அந்த மனநிலையோடு எனக்கு உடன்பாடில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு காலகட்டம் இருந்தது. அதை வேகமாகக் கடந்துவிடலாம். 1960-களின் இறுதியில் அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்களின் பின்னட்டைகளில் ‘கவுண்ட் டாண்டே’ என்று தன்னை அழைத்துக்கொண்ட ஜான் கீஹன் போன்றவர்களின் விளம்பரங்கள் வந்தன. சில டாலர் அனுப்பினால் உலகிலேயே கொடிய சண்டை ரகசியங்கள் அடங்கிய சிறு புத்தகமும், சங்கத்து உறுப்பினர் அட்டையும் வரும். பர்ன்ஸிடம் பாடம் இருந்தது, பட்டம் இல்லை. இங்கே பட்டம் இருந்தது, பாடம் பெயருக்குத்தான். தற்காப்புக் கலையில் தபால் சான்று என்றதும் இன்றும் மக்கள் முகம் சுளிப்பதற்கு அந்த அட்டைகள் ஒரு காரணம். இன்று கௌரவ டாக்டர், கிராண்ட் மாஸ்டர் என்று விழா மேடைகளில் கட்டணத்துக்குக் கிடைக்கும் பட்டங்கள் அதே வழியில் வருபவை. அவற்றை ஒமாஹாவோடோ டோரன்ஸோடோ சேர்த்து எண்ணுவது அந்த இரண்டுக்கும் அநியாயம்.

உண்மையான பல்கலைக்கழகங்கள் என்ன செய்தன என்று பார்ப்பதும் உதவும். ஜப்பானின் கட்சூரா ஊரில் 1984-ல் சர்வதேச பூடோ பல்கலைக்கழகம் தொடங்கியது. தென்கொரியாவின் யோங்கின் பல்கலைக்கழகம் ஜூடோ பள்ளியாகப் பிறந்து வளர்ந்தது. இரண்டும் மாணவரைப் பாயில் நிற்க வைக்கும் இடங்கள். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. பால் போமன் போன்ற ஆய்வாளர்கள் அங்கே 2015 முதல் தற்காப்புக் கலை ஆய்வுக்கென்றே இதழ் நடத்துகிறார்கள். இந்தக் கலைகளின் வரலாறு, திரைப்படம், அரசியல், உடல்பற்றிய சிந்தனை இவையெல்லாம் அந்த ஆய்வின் பொருள்கள். அத்தகைய படிப்பைத் தொலைவிலிருந்து நடத்திப் பட்டம் கொடுத்தாலும் தவறில்லை. அந்தப் பட்டம் யாரையும் எறியத் தெரியும் என்று சொல்லாது. அதனால் அதில் பொய் நுழைய இடமில்லை.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு தொலைவில் எதைக் கற்பிக்கலாம், எதைக் கூடாது என்ற கோட்டை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டது. தொலைநிலைக் கல்விக்கான அதன் 2020-ம் ஆண்டு விதிமுறைகளின்படி மருத்துவம், பொறியியல், சட்டம் போன்றவற்றோடு விளையாட்டையும் தொலைநிலையில் பட்டப்படிப்பாக நடத்தக் கூடாது. பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ முதலியவற்றில் தரும் பயிற்றுநர் பட்டயமும் அங்கேயே தங்கிப் படிப்பதுதான். தடையின் காரணம் புரிகிறது, அதை மதிக்கிறேன். ஆனாலும் அது ஒரு பகுதியை வீணாக அடைத்துவிடுகிறது. கம்பு சுற்றக் கற்பிக்கும் கிராமத்து வாத்தியார்களில் எத்தனை பேருக்கு வளரும் குழந்தையின் மூட்டைப் பற்றியோ, தலையில் அடிபட்டால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியோ முறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? வெயிலில் பயிற்சி கொடுக்கும்போது நீரிழப்பைக் கண்டுகொள்வது, சிறுமிகளுக்குப் பாதுகாப்பான பயிற்சிச் சூழலை அமைப்பது, சிலம்பத்தின் வரலாற்றில் ஆவணமுள்ளதையும் கதையையும் பிரித்தறிவது என்று பட்டியல் நீள்கிறது. இவை அனைத்தும் தபாலில் போகும். தாளில் திரும்பி வரும்.

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அந்த நிலைக்கு வந்த ஒரு கலைக்கு இனிச் சான்றிதழ்கள் பெருகும். தொலைவழிச் சான்றுகளும் வரும். வரும்போது அவற்றின் முகப்பில் இரண்டு பத்திகள் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒன்றில் தேர்வாளர் தொலைவிலிருந்து பார்த்தவை: எழுத்துத் தேர்வு, கம்பு வீச்சு, அடிமுறை வரிசை. மற்றதில் நேரில் பார்த்தவை: தொடுமுறை, எத்தனை பேரோடு, எந்தத் தேதியில், யார் முன்னிலையில். அஞ்சல்வழிக் கல்வி படித்தவர்களுக்குச் சனி, ஞாயிறுகளில் பக்கத்து ஊர்க் கல்லூரியில் நடக்கும் நேர்முக வகுப்பு பழக்கமானதுதான். அதே ஏற்பாட்டில், மாவட்டத்துக்கு ஒரு களத்தில், ஆண்டுக்கு இரண்டு முறை ஆசான்கள் கூடி இரண்டாம் பத்தியை நிரப்பலாம். தூரத்து ஊரிலிருந்து வர முடியாத மாணவருக்கு இரண்டாம் பத்தி காலியாக இருக்கும். அவர் சான்றிதழ் செல்லாது என்று அதற்குப் பொருளில்லை; அடுத்த முறை பேருந்து ஏறி வரும்போது நிரப்பிக்கொள்ளலாம்.